காணாத மோதலுக்கு எறிந்த கொடி

உங்கள் ஐந்து பேருக்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். முதல் புத்திமதி, அந்தச் சட்டையைத் தனியாகத் தோயுங்கள். நான் முதல் தடவை தோய்த்தபோது என் மனைவி பூசைக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையும் அதே மெஷினுக்குள் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எந்த விஷயத்திலும் நான் தீர்ப்புச் சொன்னதில்லை.

"அங்கிள், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, ஆனா சின்னதா" என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். சின்னதாக எழுத எனக்கு வராது. தமிழில் எழுதினால் வாசிக்க நேரமெடுக்கும் என்று ஒருவர் கீழே போட்டிருந்தார். எடுக்கட்டும். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவருக்கும் தெரியத்தானே வேண்டும்.

விதிப்புத்தகம் உங்களிடம் இருக்கிறது. எங்கே நிற்பது, எப்போது விசில் ஊதுவது, கையை எப்படி ஆட்டுவது எல்லாம் அதில் படத்துடன் போட்டிருக்கிறது. அதைப்பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. புத்தகத்தில் படம் போட முடியாத ஒரு சங்கதி எனக்கு நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் இந்த நடுவர் தொழிலுக்கு வந்தது விளையாட்டுப் பிரியத்தால் அல்ல. பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கம் இருக்கும் அந்த மைதானத்தில் உடைமாற்றும் அறைகளைக் கழுவுவதும், புல்லு வெட்டுவதும், சுண்ணாம்புக் கோடு போடுவதும் என் வேலை. பல்கலைக்கழகப் பெடியன்கள் அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பெயர்தான் கால்பந்து. கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், ஹெல்மெட் போட்ட பத்துப் பதினொரு பேர் அவனை விழுத்துவார்கள், விழுத்தியதும் எல்லோரும் கூடி நின்று அடுத்து என்ன செய்யலாம் என்று கூட்டம் போடுவார்கள். எங்கள் ஊர்ச் சங்கங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த விளையாட்டு சட்டென்று பிடிபட்டது.

ஒரு ஞாயிறு நடுவர்களில் ஒருவர் வரவில்லை. தலைமை நடுவர் ஒரு பெண்மணி. வாரநாட்களில் பல் வைத்தியர். எல்லோரும் அவரை டொட்டொரேசா, அதாவது டாக்டர் அம்மா, என்றுதான் கூப்பிடுவோம். வாளியுடன் போய்க்கொண்டிருந்த என்னை மறித்தார்.

"சிஞ்ஞோர் பேனாட், கோடு போடுறது நீர்தானே?"

"ஓம்."

"அப்ப ஒருத்தன் அந்தக் கோட்டைத் தாண்டினா உமக்குத் தெரியும்தானே?"

அவர் சொன்னது இத்தாலியனில். என் காதுக்குள் வரும்போது அது எங்கள் தமிழாகத்தான் விழும், அதனால் அப்படியே எழுதுகிறேன். வாளியை வைத்துவிட்டு மைதானத்துக்குள் போனவன் ஒன்பது வருடம் வெளியே வரவில்லை. பிறகு என் முழங்கால் இரண்டும் சேர்ந்து முடிவெடுத்து என்னை வெளியே கொண்டுவந்தன.

முதல் வருடம் நான் விட்ட பிழைகளை எழுதினால் இந்தக் குழுவில் இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிழை நடந்தால் நாங்கள் ஒரு மஞ்சள் கொடியை எறிவோம். அது காற்றில் பறந்துபோகாமல் இருக்க உள்ளே பாரம் வைத்துத் தைக்க வேண்டும். என் மனைவி மஞ்சள் சட்டைத்துணியில் தைத்து, உள்ளே ஒரு பிடி கடலையை வைத்துவிட்டா. நவம்பர் மழையில் இரண்டு ஆட்டம் நனைந்து, ஒரு கிழமை பைக்குள் கிடந்து, அடுத்த ஞாயிறு நான் கொடியை எறிந்தபோது அதிலிருந்து முளை விட்ட கடலைகள் சிதறின. விளையாட்டு நின்றுவிட்டது. இரண்டு அணிப் பெடியன்களும் குனிந்து கடலை பொறுக்கினார்கள். டொட்டொரேசா என்னிடம் வந்து, "கொடிக்குள்ளை மணல்தான் வைக்கவேணும் எண்டு விதியிலை இல்லை, ஆனா சாப்பாட்டுச் சாமான் வேண்டாம்" என்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு பயத்தில் நடுங்கும் ஆட்களோடு பழகிய பொறுமை அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில் எங்கள் சின்ன லீக்கும் அமெரிக்கக் கல்லூரிகளின் டார்கெட்டிங் விதியை எடுத்துக்கொண்டது. ஒருவன் தலையைக் குனிந்து ஹெல்மெட்டின் உச்சியால் இன்னொருவனை மோதினாலோ, தன்னைக் காப்பாற்ற முடியாத நிலையில் இருப்பவனின் தலையிலோ கழுத்திலோ இடித்தாலோ, ஆள் வெளியே. வேணுமென்று செய்தானா, தெரியாமல் பட்டதா என்று விதி கேட்காது. அது மட்டுமல்ல, மோதல் இரண்டாம் பாதியில் நடந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் அவன் விளையாட முடியாது.

விதி கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஹெல்மெட் மண்டையைத்தான் காப்பாற்றும், மண்டைக்குள் இருப்பதை அல்ல. ஆனால் நியாயம் என்று பார்த்தால் இடிக்கிறது. இடிக்க வருபவன் நெஞ்சுக்குக் குறிவைத்து ஓடி வருவான். பந்து வைத்திருப்பவன் கடைசி நொடியில் பயந்து குனிவான். நெஞ்சு இருந்த இடத்தில் இப்போது தலை. குனிந்தவனுக்கு ஒன்றுமில்லை, ஓடி வந்தவன் வீட்டுக்கு. அமெரிக்காவில் இதைப் பார்க்க இருபது கமராவும் திரையும் வைத்திருக்கிறார்கள், அப்படியிருந்தும் சண்டை பிடிக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் இருந்தது என் மூக்குக் கண்ணாடி.

அந்த வருடம் பொறியியல் பீடத்து அணியில் எங்கள் பெடியன் ஒருவன் சேர்ந்திருந்தான். ஜெறோம். மன்னார் ஆட்கள். எங்கள் சமூகத்தில் இருந்து அந்த விளையாட்டுக்குப் போன முதல் ஆள் அவன்தான். இலக்கம் இருபத்துநான்கு. தடுக்கும் பக்கத்தில் நின்று விளையாடுவான், மெலிந்த உடம்பு, ஆனால் ஓடி வந்து இடித்தால் இடி இடிதான். அவனுக்காக, தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து பத்துப் பன்னிரண்டு பேர் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஒருவருக்கும் விளையாட்டு விளங்காது. ஜெறோம் யாரையாவது விழுத்தினால் கத்துவார்கள், ஜெறோமை யாராவது விழுத்தினால் என்னைப் பார்த்துக் கத்துவார்கள்.

அரையிறுதி ஆட்டம், சட்டபீடத்து அணியுடன். முதல் பாதியில் ஜெறோம் ஒருவனைக் கொஞ்சம் உயரத்தில் இடித்தான். நான் நன்றாகப் பார்த்தேன். தோள், நெஞ்சு, சுத்தமான இடி. கொடி எறியவில்லை. சட்டபீடத்துப் பயிற்சியாளர் கோட்டோரம் என் அருகில் வந்து, சிரித்த முகத்தோடு கேட்டார்.

"உம்மடை ஊர்ப் பெடியன் போல, என்ன?"

அவ்வளவுதான் கேட்டார். அந்தக் கேள்வி என் சட்டைக்குள் எறும்பு மாதிரிப் புகுந்துகொண்டது. இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போதும் அதுதான். எங்கட ஆள் என்று விட்டுவிட்டான் என்று சொல்லப்போகிறார்கள். இவ்வளவு காலம் பாடுபட்டு வாங்கிய பெயர் போகப்போகிறது. பிள்ளைகளே, இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரும் வியாதி. கடைக்காரன் சொந்தக்காரனுக்கு நிறுக்கும்போது தராசை இன்னொருமுறை பார்ப்பான். வாத்தியார் தன் மகனுக்குத்தான் முதல் அடி போடுவார். நீதி தவறாதவன் என்று பேர் எடுக்க எங்களுக்குக் கிடைக்கும் சுலபமான ஆள் எங்கள் ஆள்தான்.

இரண்டாம் பாதி தொடங்கி முதல் பந்து. சட்டபீடத்துக்காரன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கமாக ஓடி வந்தான். ஜெறோம் எதிரே வந்தான். அந்த நேரம் பார்த்து அலுமாரி அளவான ஒரு பெடியன் எனக்கு முன்னால் வந்து நின்றான். அவனுடைய முதுகைத் தவிர நான் எதையும் காணவில்லை. தேங்காய் உடைக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. அலுமாரி விலகியபோது பந்துக்காரன் மல்லாக்காகக் கிடந்தான், ஜெறோம் மேலே நின்றான், எங்கள் சனம் "அப்படிப் போடு" என்று கத்தியது, பயிற்சியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கொடியை எறிந்தேன்.

டொட்டொரேசா ஓடி வந்தார். எப்போதும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்.

"கண்டனீரோ?"

"கண்டனான்."

"ஹெல்மெட்டின்ரை உச்சியோ?"

"ஓம்."

இரண்டு பொய். சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன், அந்த நேரத்தில் நான் கண்டதாகவே எனக்குப் பட்டது. விழுந்தவன் எழும்பித் தூசி தட்டிக்கொண்டு ஓடிவிட்டான், அவனுக்கு ஒன்றும் இல்லை.

ஜெறோம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். சண்டைக்கு வரவில்லை.

"அங்கிள், ஸ்பல்லா... தோள்தான் பட்டது. உண்மையா."

தமிழில் கேட்ட பிள்ளைக்கு நான் இத்தாலியனில் "ஃபுவோரி" என்றேன். வெளியே போ என்று. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் விளங்கட்டும் என்றுதான். அதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

ஜெறோம் இல்லாமலே அவனுடைய அணி வென்றது. அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அதன் முதல் பாதி ஜெறோமுக்கு இல்லை. எனக்கோ அது முதலாவது இறுதி ஆட்டம், நடுவர் பட்டியலில் என் பெயர் ஏறியிருந்தது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் என் நேர்மையைப்பற்றி அரை மணித்தியாலம் கதைத்தேன். அவ உள்ளி உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை என்ன செய்தவன்?" என்றா.

செவ்வாய்க்கிழமை பல்லரோச் சந்தையில் மீன் வாங்க நிற்கிறேன், பக்கத்தில் மரியதாஸ். ஜெறோமின் தகப்பன். கால்சாவில் ஒரு பழைய மாளிகை வீட்டில், எண்பத்தைந்து வயதான உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்த ஐயா ஒருவரைப் பராமரிக்கிறவர். அங்கேயே தங்கி வேலை. ஐயாவுக்கு மரியதாசின் கையைப் பிடித்தால்தான் கதிரையை விட்டு எழும்ப வரும், வேறு யார் கையைக் கொடுத்தாலும் கோபித்துக்கொண்டு இருந்துவிடுவார். அதனால் ஞாயிறு லீவு என்பது மரியதாசுக்குக் கடதாசியில் மட்டும். வியாழன் பின்னேரம் ஒரேத்தோ வீட்டுக்கு வருவார். அந்த நேரம் ஜெறோம் வகுப்பில் இருப்பான்.

அவரைக் கண்டதும் நான் மீனைப் பார்ப்பதுபோல் குனிந்தேன். அவர் விடவில்லை.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கவேணும். முதல் பாதி எண்டா எத்தினை மணி மட்டும் போகும்?"

"ரெண்டரைக்குத் தொடங்கினா... மூண்டரை தாண்டும். ஏன் தாஸ்?"

"சிஞ்ஞோரின்ரை மகள் மிலானோவிலையிருந்து வந்து நிக்கிறா. ஞாயிறு ரெண்டிலையிருந்து நாலு மட்டும் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டவ. மூண்டு வருசத்திலை இதுதான் முதல் ஞாயிறு. நாலுக்கு நான் கால்சாவிலை நிக்கவேணும்." விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப அவன் இறங்கிறதும் நான் வெளிக்கிடுறதும் ஒண்டாத்தான் வரும், என்ன?"

நான் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

"பறவாயில்லை. எனக்கு உந்த விளையாட்டும் விளங்காது. பெடியனைப் பகலிலை கண்டு கனநாள், அதுதான் பாப்பம் எண்டு. தலையாலை இடிச்சவனாம், என்ன? வீட்டிலை நிலைப்படியிலை இடிக்காமல் வரத் தெரியாதவன்." சிரித்தார். "நீங்கள் கண்டனீங்கள்தானே அண்ணை. பிழை விட்டா தண்டனை இருக்கத்தானே வேணும்."

அவர் என்னைக் குத்திக் கதைத்திருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிக் கதைத்தார். மீன்காரன் என் முன்னால் மூன்று தடவை "வேற என்ன" என்று கேட்டான். என்ன வாங்கினேன் என்று தெரியாது, வீட்டில் பையைத் திறந்தபோது கணவாய் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் கணவாய் சாப்பிடுவதில்லை.

ஆதாரம் தேடினேன். எங்கள் சனத்தில் ஒருவர் அந்த நிமிடத்தை போனில் எடுத்திருந்தார். பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். ஜெறோம் ஓடி வருகிறான், இடிக்கப்போகிறான், அந்த இடத்தில் படம் எடுத்தவர் சந்தோஷத்தில் துள்ளிவிட்டார். மிச்சம் முழுக்க பலெர்மோ வானம். ஒரு பெருவிரலும் வருகிறது. தோளா, ஹெல்மெட்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் பிழை விட்டிருக்கவும் கூடும். அதுதான் என்னை அதிகம் வதைத்தது. அவன் சுத்தம் என்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்கலாம். குற்றவாளி என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரு முதுகு மட்டும்.

புதன்கிழமை டொட்டொரேசாவின் கிளினிக்குக்குப் போனேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தா, நான் உள்ளே போனேன். இருக்க வேறு கதிரை இல்லை. பல் பிடுங்கும் கதிரையில் இருத்தினார். இருந்ததும் அது தானாகப் பின்னுக்குச் சாய்ந்தது. மேலே விளக்குப் போட்டார். பழக்க தோஷம்.

"டொட்டொரேசா, நான் ஒண்டு சொல்லவேணும்."

"வாயைத் திறவும்."

"பல்லுக்கு வரேல்லை. அந்த டார்கெட்டிங்..."

"திறந்துகொண்டே சொல்லும். எனக்கு விளங்கும்."

அப்படித்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய பாவசங்கீர்த்தனம், வாய்க்குள் ஒரு கண்ணாடியும் கொக்கியும் வைத்துக்கொண்டு. காணவில்லை என்றேன். அலுமாரி என்றேன். பயிற்சியாளர் கேட்டது, சனம் கத்தியது, மரியதாசின் ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையை நிமிர்த்தினார்.

"தகப்பன் வாறதைப்பற்றி எனக்குச் சொல்லாதையும். அது விதிக்குத் தெரியாது, உமக்கும் தெரியக்கூடாது. அவர் வராட்டி அப்ப என்ன, தண்டனை சரியோ?"

"இல்லை."

"பின்னை?"

எனக்கு ரோஷம் வந்தது. "விதியும் சரியில்லைத்தானே டொட்டொரேசா. ரெண்டாம் பாதி தொடங்கி ஒரு நிமிசம் ஆகேல்லை. அதே இடி இடைவேளைக்கு முன்னம் நடந்திருந்தா இறுதி ஆட்டம் முழுக்க விளையாடுவான். இது என்ன நியாயம்?"

"விதி நியாயமோ எண்டு அதை எழுதினவையைக் கேளும். நானும் கேக்க ஆசைப்படுறன். நீர் கண்டனீரோ எண்டுதான் நான் உம்மைக் கேட்டனான்." கையுறையைக் கழற்றினார். "கண்ணுக்கு முன்னாலை நடந்ததை மட்டும் சொல்லும். மிச்சத்தைக் கடவுள் பாப்பார், அவரிட்டை விசில் இல்லை. ஒரு கடதாசி தாறன், காணேல்லை எண்டு எழுதும்."

"எழுதினா அவனுக்குத் தண்டனை போயிடுமோ?"

"போகும்."

"எனக்கு?"

"காணாததுக்குக் கொடி எறிஞ்ச ஆள் இறுதி ஆட்டத்திலை நிக்க ஏலாது. அது உமக்கே தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "வலப்பக்கம் கடைசிப் பல்லும் இருக்காது."

கடதாசியை வாங்கினேன். நல்ல மனிதன்போல் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசை. அப்படி நடக்கவில்லை. முதலில் "சரியாகக் காணவில்லை" என்று எழுதினேன். அவர் "சரியாக" என்பதை வெட்டினார். "முழுமையாகக் காணவில்லை" என்று எழுதினேன். அதையும் வெட்டினார். மூன்றாம் தடவைதான் "காணவில்லை" என்று வந்தது. கையெழுத்துப் போடும்போது எனக்கு அழுகை வந்தது, பல்லுக்காக என்று அவர் நினைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை தண்டனை நீங்கியது. சட்டபீடத்துப் பயிற்சியாளர் ஊரெல்லாம், "பார்த்தீர்களா, தன் ஆளைக் காப்பாற்றிவிட்டான்" என்று சொல்லித் திரிந்தார். எதற்குப் பயந்து கொடி எறிந்தேனோ அந்தப் பேர், கொடியை வாபஸ் வாங்கியதும் வந்து சேர்ந்தது. அந்த விஷயத்தில் நீங்கள் ஒருநாளும் தப்பமுடியாது, ஆகவே அதற்கு மினக்கெடாதீர்கள்.

ஞாயிறு, கோட்டுக்கு வெளியே, மேலே படிக்கட்டில் எங்கள் சனத்தோடு இருந்தேன். மரியதாஸ் இரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தார். தேய்த்த சட்டை, கழுத்துப்பட்டி. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மனைவி செய்து கொடுத்த ரோல்ஸும் மீன் கட்லட்டும். அவரின் மனைவி இந்த விளையாட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தா.

"அண்ணை, எங்கடையன் எது? எல்லாரும் பானையைக் கவிட்ட மாதிரி நிக்கினம்."

"இருபத்துநாலு."

"ஆ, அந்தா. உயர்ந்திட்டான் போல."

அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. பந்து எங்கே போனாலும் அவர் கண் இருபத்துநான்கில் நின்றது. அவன் தண்ணீர் குடித்தால் இவர் தலையாட்டினார். நான் பக்கத்தில் இருந்து அகமகிழ்ந்தேன். ஒரு பல்லும் ஒரு இறுதி ஆட்டமும் போனாலும் இதைச் செய்து முடித்தேனே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். எதிரணிக்காரன் ஒருவன் துள்ளிப் பந்தைப் பிடித்தான், கால் இன்னும் நிலத்தில் ஊன்றவில்லை. ஜெறோம் ஓடி வந்து, தலையைக் குனிந்து, ஹெல்மெட்டின் உச்சியால் அவன் முகத்தில் கொடுத்தான். எனக்கு முன்னால் அலுமாரி இல்லை. ஒருவரும் இல்லை. மைதானம் முழுக்கப் பார்த்தது. பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தவர்களும் பார்த்திருப்பார்கள். டொட்டொரேசாவே கொடியை எறிந்தார்.

எங்கள் சனம் எழும்பிவிட்டது. அநியாயம் என்றார்கள். கறுப்பன் என்று செய்கிறார்கள் என்றார்கள். பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உது பிழையான தீர்ப்புத்தானே?"

என்ன சொன்னாலும் அன்று செல்லும். நான் கோடு போட்ட சட்டை போட்டிருக்கவில்லை, என்னிடம் கொடியும் இல்லை. பக்கத்தில் மரியதாஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"டார்கெட்டிங்தான்," என்றேன். "நான் கண்டனான். சரியான தீர்ப்பு."

ஒருவர் என்னைத் துரோகி என்றார். இன்னொருவர் நான் கொண்டுவந்த கடலைப் பையைத் திருப்பித் தந்தார். இடிபட்ட பெடியனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள். நடந்துதான் போனான், ஆனால் நேராக நடக்கவில்லை. அதைக் கண்ட பிறகு எங்கள் ஆட்களும் மெல்ல இருந்துவிட்டார்கள். விதி எதற்கு இருக்கிறது என்று புத்தகத்தில் தேடவேண்டாம், அந்த நடையைப் பார்த்தால் போதும்.

வெளியேற்றப்பட்டவன் மைதானம் தெரியும் இடத்தில் நிற்கக்கூடாது என்பது விதி. ஜெறோம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலால் வெளியே போனான். மரியதாஸ் எழும்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். வெட்கத்தில் கால்சாவுக்குப் போகிறார் என்று நினைத்தேன். மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறு, அதில் பதினைந்து நிமிடம். நான் கடதாசி எழுதியிருக்காவிட்டால் பெடியன் முதல் பாதி முழுக்க வெளியில் இருந்திருப்பான், அப்பனுக்கு முன்னால் இந்த அவமானமும் நடந்திராது. நல்லது செய்யப்போய் நான் செய்துவைத்த வேலை இது.

மனம் கேட்கவில்லை. படிக்கட்டின் மேல் வரிசைக்கு ஏறிப் பின் மதிலால் எட்டிப் பார்த்தேன். கீழே, மோட்டார் சைக்கிள்கள் விடும் இடத்தில், நிழலில் ஒரு சீமெந்துக் கட்டின் மேல் இரண்டு பேரும் இருந்தார்கள். மைதானம் அவர்களுக்கு முதுகுப்பக்கம். ஜெறோம் தோள்கவசத்தைக் கழற்றிக் காலடியில் வைத்திருந்தான். பெட்டி நடுவில் திறந்திருந்தது.

பாவம், ஆட்டம் என்ன நிலைமை என்று தெரியாமல் தவிப்பார்கள் என்று எனக்குப் பட்டது. எங்கள் அணி ஒரு முறை எல்லைக்கோட்டைக் கடந்ததும் மதிலால் குனிந்து, "ஜெறோம், ஆறு பூச்சியம்" என்று கூப்பிட்டுச் சொன்னேன். அவன் கையை உயர்த்தினான். கொஞ்ச நேரத்தில் எதிரணி சமப்படுத்தியது. ஓடிப்போய் அதையும் சொன்னேன். இந்தமுறை அவன் திரும்பவில்லை, ஏதோ கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தான், தகப்பன் ஒரு ரோல்ஸைக் கடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றே கால் இருக்கும், எங்கள் அணி திரும்பவும் முன்னுக்கு வந்தது. சனம் துள்ளியது. நான் முழங்கால் வலியோடு மேலே ஏறி, மதிலில் வயிற்றை வைத்துச் சாய்ந்து, "தாஸ், பன்னிரண்டு ஆறு, நாங்கள் வெல்லுறம்" என்று கத்தினேன்.

மரியதாஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. நாங்கள் கொஞ்சம் கதைச்சுக்கொண்டு இருக்கிறம்."